சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு போர்டுகள்

கம்பெனியில் அவருக்கு ‘ச்சே’ என்று பேர். நேரில் ‘ச்சே அண்ணே’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் ச்சே. வாயைத் திறந்தால் முதலில் வருகிற சொல் அதுதான். மின்விசிறி சுற்றினால் சத்தம் என்று ச்சே, நின்றால் புழுக்கம் என்று ச்சே. மேனேஜர் மீட்டிங் போட்டால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்தவர். உயிர் போன போன்களுக்கு மறுபடி புரோகிராம் ஏற்றிப் பேச வைப்பார். பிறகு இந்தக் கம்பெனிக்கு வந்தார். தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற பெட்டியை இங்கே செய்கிறார்கள். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதன் நடுவில் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப். அந்தச் சிப்புக்குக் கேபிள் மாட்டிப் புரோகிராம் ஏற்றுவது அவர் வேலை. அதே கூடத்தில், நாலு மேசை தள்ளி, சிப்பைப் போர்டில் ஈயம் உருக்கி, சோல்டர் வைத்துப் பொருத்துவது அவர் மனைவி.

புரோகிராமை எழுதியவனோ மாடியில், ஏசி அறையில் இருக்கிறான். மனைவியின் தம்பி. குடும்பத்திலேயே முதல் இன்ஜினியர். அவன் வீட்டுக்கு வந்தால் நல்ல நாற்காலி அவனுக்கு. அவன் தும்மினாலும் அதில் ஒரு படிப்பு இருப்பதாக மாமனார் வீட்டில் நம்பினார்கள்.

“பேனா பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியணும்னு இல்லையே” என்பார் ச்சே, அவன் காதில் விழுகிற மாதிரி.

“அவன் உங்களை என்னங்க பண்ணினான்?” என்பாள் மனைவி.

அதுவரை ஒன்றும் பண்ணியிருக்கவில்லை. பிறகு பண்ணினான்.

இருநூற்றுப் பன்னிரண்டு போர்டுகளுக்குப் புரோகிராம் ஏற்றி முடித்திருந்தார்கள். ஏற்றும்போது ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. அப்புறம்தான், மோட்டார் அரை நிமிடம் தாமதமாக நிற்கிறது, அதனால் திருத்திய புரோகிராமை எல்லாவற்றிலும் மறுபடி ஏற்ற வேண்டும் என்று மாடியிலிருந்து சொல்லி அனுப்பினான் மச்சான். ச்சே முதல் போர்டை மாட்டினார். ‘சிப் கிடைக்கவில்லை’ என்றது கணினி. அடுத்ததும் அப்படியே. கம்பெனியில் ஒரு விதி உண்டு. மூன்று தடவை முயற்சி செய்து பார், கிடைக்கவில்லையா, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி டெட் பெட்டியில் போடு. விதி எழுதியவர்களை எல்லாம் வாயாரத் திட்டுகிற ச்சே, அந்த விதியை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மூன்று தடவை, ஸ்டிக்கர், பெட்டி. இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டும் செத்துப்போயின.

திங்கட்கிழமை மச்சான் இறங்கி வந்தான். ஒரு போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான், ஜோசியக்காரன் கை பார்க்கிற மாதிரி.

“சோல்டர் சூடு அதிகமாயிடுச்சு சார்” என்றான் மேனேஜரிடம். “சூடு பட்ட சிப் முதல்ல நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். நாலு நாள்ல போயிடும். புரோகிராம்ல ஒண்ணும் இல்ல, என் டேபிள்ல இருக்கிற போர்டு எத்தனை தடவை ஏத்தினாலும் ஏறுது.”

சோல்டர் வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். மேனேஜர் அவன் அக்காவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தம்பியைத் திட்டுவாள் என்று ச்சே காத்திருந்தார். அவளோ கையை நீட்டி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடுங்குதாங்க?”

“ஒண்ணும் நடுங்கல.”

“நல்லாப் பாருங்க. தம்பி படிச்சவன். அவன் சும்மா சொல்ல மாட்டான். என் கைதான் தப்புப் பண்ணியிருக்கு.”

பதினைந்து வருஷம் சோல்டர் வைத்த கை. ஒரு மயிரிழை விலகாத கை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். தன் கையை நம்பாதவள் எங்கே போய் என்ன செய்வாள்? அன்று ச்சே வாயில் அந்தச் சொல்கூட வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் மாட்டுகிற விளக்குப் பலகை புதிதாக வந்திருந்தது. சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று. கடைசியில் வேறு மேசையில்தான் அதை மாட்டுவார்கள். பலகை பொருந்துகிறதா என்று பார்க்க ச்சேவுக்கு ஒரு போர்டு வேண்டியிருந்தது. கெட்டாலும் பரவாயில்லை என்று டெட் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி மின்சாரம் கொடுத்தார்.

பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டியது.

“செத்த பொணம் கண்ணடிக்குது பார்றா” என்றார் காலி அறையைப் பார்த்து. இன்னொன்றை எடுத்தார். அதுவும் சிமிட்டியது. பத்துப் போர்டு பார்த்தார். பத்தும் பளிச்சென்று உயிரோடு இருந்தன.

உள்ளே புரோகிராம் ஓடுகிறது. அப்படியானால் சிப் சாகவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறுக்கிறது, அவ்வளவுதான். ஏன்? மீட்டரை எடுத்து விளக்குகளின் கம்பி எங்கே போகிறது என்று தொட்டுக்கொண்டே போனார். பீப் என்று சத்தம் வந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புரோகிராம் ஏற்றுகிற கேபிள் சிப்போடு பேசுவதே அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கால்களில் இரண்டின் வழியாக. அதே இரண்டு கால்களைத்தான் மச்சான் விளக்குகளுக்குக் கொடுத்திருந்தான். புதுச் சிப்பில் புரோகிராம் இல்லை, அதனால் முதல் தடவை வாசல் திறந்திருந்தது. உள்ளே போன புரோகிராம், போன கையோடு கதவைச் சாத்திக்கொண்டு விளக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

புரோகிராம் எழுந்திருக்கும் முன்னே சிப்பைப் பிடித்தாக வேண்டும். போர்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ரீசெட் பட்டன் இருந்தது. அதை அமுக்கிப் பிடித்தால் சிப் தூங்கும். பிடித்தபடி கணினியில் ‘இணை’ என்பதைத் தட்டி, அதே நொடியில் விரலை எடுக்க வேண்டும். முதல் தடவை சீக்கிரம் எடுத்துவிட்டார். இரண்டாவது தடவை தாமதம். மூன்றாவது தடவை சிப் கிடைத்தது.

ச்சே டெட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு போர்டும் ஒரே மாதிரி கெடுமா என்று யாருமே கேட்கவில்லை. செத்த போன்களை எழுப்பியவன் என்று மார்தட்டுகிற அவரும் கேட்கவில்லை. மனைவி கை வைத்த போர்டுகளுக்குத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகச் சிவப்பு ஒட்டியிருந்தார்.

“ச்சே” என்றார். தன்னைப் பார்த்து அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கால் போதல மாமா. அது ரெண்டும் சும்மாதானே இருக்குன்னு…”

“உன் டேபிள்ல எப்படி ஏறுது?”

“என் கேபிள்ல ரீசெட்டுக்குன்னு அஞ்சாவது ஒயர் இருக்கு. அது தானாப் பிடிச்சுக்கும்.”

“எங்க கேபிள்ல நாலுதான். அது உனக்குத் தெரியாது. நாலு படி எறங்கி வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“மாமா, மேனேஜர்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன். சிப்பு கம்பெனி மேல ஏதாவது…”

“உங்கக்கா மேல போட்ட, இப்ப சிப்புக்காரன் மேலயா? உன் தலைக்குத் தொப்பி வாங்க ஊர்ல எத்தனை பேரோட தலையை அளப்ப?”

அவள் சாப்பிட்டுவிட்டு வந்து பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேராக மேசைக்கு வந்து, ஒரு போர்டை எடுத்து, பட்டனில் விரல் வைத்தாள்.

“எப்ப எடுக்கணும்?”

“நான் தட்டுறப்ப.”

ஒரே தடவையில் கிடைத்தது. அடுத்ததும். ஏழு போர்டுகள், ஏழும் முதல் தடவையிலேயே. பிறகு அவள் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரையும் நடுங்குகிறதா என்று கேட்கவில்லை. எட்டாவது போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் அவளாகவே போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் தன் மேசையில் இருந்தாள். மச்சான் கீழே, புழுக்கத்தில், ச்சேயின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு விநாடி கதவைத் திறந்து வைத்துவிட்டு, பிறகே விளக்குப் போடுகிற மாதிரி புரோகிராமைத் திருத்தி, இருநூற்றுப் பன்னிரண்டிலும் கீழே இருக்கிற நாலு ஒயர் கேபிளாலேயே அவன் ஏற்ற வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. பட்டனில் ஒன்று அவன் விரல் முந்தியது, இல்லை பிந்தியது. ஒரு போர்டில் மூன்று தடவை தோற்றதும், அவன் கை தானாகவே சிவப்பு ஸ்டிக்கர் பக்கம் போனது.

நாலு மேசை தள்ளியிருந்து அக்கா தலையை நிமிர்த்தினாள்.

“ச்சே” என்றாள். “கையை எடுடா. இன்னொரு தடவை அமுக்கு.”

ச்சே சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.