கண்ணை மூடிக்கொண்டே கடந்த பாகராப்பேட்டை மலை

எங்கள் மகள் ஷீபாவுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று திருப்பதி வீட்டில் அறைக்கு வெள்ளையடித்துத் தொட்டிலும் கட்டிவிட்டோம். ஆனால் குழந்தை பிறக்கும்வரை எந்தப் பயணமும் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது பாகராப்பேட்டையில். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மலை. மகள் வர முடியாதென்றால் அம்மாதான் போக வேண்டும்.

அந்த அம்மா, அதாவது என் மனைவி கிரேஸ், சித்தூர்க்காரி. எதற்கும் அசராதவள். மலைப்பாதை என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். கல்யாணமான புதிதில் இதே வழியில் பஸ்ஸில் போய், வாந்தியெடுத்து, மயங்கி, பாதியில் இறங்கி எதிரே வந்த பஸ்ஸில் திரும்பியவள். மகள் குடிபோய் இரண்டு வருடமாகியும் அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. ரயில் அந்த ஊருக்குக் கிடையாது.

அதனால் ஒரு யோசனை செய்தேன். 'மகள் வீட்டுக்குப் போகிறோம்' என்றால் பயமே அவளைக் கவிழ்த்துவிடும். சுற்றுலா என்றால் முடியாதபோது திரும்பிவிடலாம். திருப்பதியில் ஒருநாள் சுற்றுலாவுக்குக் கார் கிடைக்கிறது, ஓட்டுநரே வழிகாட்டி. சந்திரகிரி, பாகராப்பேட்டை மலைப்பாதை, தலகோனா காட்டு அருவி, மாலைக்குள் வீடு. நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசலும் சேர்த்து. ஒரு சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். ஆசைகாட்டி மோசம் செய்யக் கூடாதென்று ஷீபாவிடம் மூச்சுவிடவில்லை.

மார்ச் கடைசி. காலை ஆறரைக்குக் கார் வந்தது. ஓட்டுநர் முனிரத்தினம், விஜயபுரம் பக்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். "சார், நான் மெதுவாத்தான் போவேன். அம்மா எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திட்றேன், பர்வாலேது" என்றார். கிரேஸ் பைபிளை மடியில் வைத்துக்கொண்டாள்.

சந்திரகிரி பன்னிரண்டு கிலோமீட்டர். கோட்டையும் ராஜமகாலும் திறக்கும் நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். பின்னால் நிற்கும் பாறை மலையை வெயில் ஏறும்முன் பார்ப்பதே போதுமான காட்சி. பக்கத்தில் ஒரு ஓட்டலில் இட்லி. கிரேஸ் தன் பங்கைப் பொட்டலம் கட்டச் சொன்னாள். "வயித்துல எதுனா இருந்தாத்தானே வெளிய வரும்" என்றாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். மலை ஏறும் வண்டிக்காரர்கள் அங்கே நிறுத்திச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். முனிரத்தினமும் இறங்கிப் போனார். அவர் கற்பூரம் ஏற்றிய நேரத்தில் கிரேஸ் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்தாள். அவர் திரும்பி வந்து வண்டியை எடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

பச்சையை எதிர்பார்த்து இந்தப் பாதைக்கு வராதீர்கள். கோடையில் எல்லாம் சிவப்பும் சாம்பலும்தான். இலையுதிர்ந்த மரங்கள், முள்புதர், அடுக்கி வைத்த மாதிரி பாறைகள். வளைவு திரும்பும்போதெல்லாம் கீழே பள்ளத்தாக்கு விரிகிறது. அந்த வறட்சிக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. முனிரத்தினம் கடமை தவறவில்லை. "அதோ பாருங்கம்மா, அதுங்கெல்லாம் செம்மரம்", "அந்தப் பாறை மேல கொரங்கு குந்திக்கினு கீது பாருங்கம்மா." கேட்க வேண்டிய அம்மாவோ கண்ணை இறுக்கி மூடி, உதடு மட்டும் அசைய, பரலோகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். வாந்தி வரவில்லை. எனக்கு அதுவே போதும்.

அவள் முகத்தையே கவனித்துக்கொண்டு வந்ததில் நான் வெளியே பார்ப்பதை விட்டிருந்தேன். பிறகு உதடு அசைவது நின்றது. அவள் கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. நெஞ்சுவலியோ என்னமோ! முனிரத்தினம் ஓரமாக நிறுத்தினார். கதவைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் தலையை அசைத்தாள்.

"திரும்பிடலாம் கிரேஸ். ஷீபாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"திரும்பாதீங்க!" கண்ணைத் திறக்காமலே கத்தினாள். "மலை தாண்டுற வரிக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன்னு பொருத்தனை பண்ணிக்கீறேன். நேத்து காலைலேர்ந்து எதுவும் துன்னல. இப்பத் திரும்பினா எல்லாம் வீணாப்பூடும்."

நேற்றுக் காலையிலிருந்தா! வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம், வழக்கம்தான். மாலையில் கஞ்சி குடித்து முடித்துவிடுவார்கள். இவள் முடிக்காமல் மறுநாளுக்கும் நீட்டியிருக்கிறாள். உபவாசத்தை ஊருக்குச் சொல்லக் கூடாதாம், புருஷனுக்கும்தான். மலை தலையைச் சுற்ற வைக்கக் கூடாதென்று பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியாலேயே தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெஞ்சுவலி இல்லை என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சரி, மலை தாண்ட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று முனிரத்தினத்தைக் கேட்டேன்.

அவர் விழித்தார். "எதுக்கு சார்? மலை எறங்கி அப்பவே ஆச்சே. இது சமதரை. அதோ தெரியுதே, அதான் பாகராப்பேட்டை."

கிரேஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பிறகு மற்றதை. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. மலை எங்களுக்குப் பின்னால் நின்றது. திரும்பி அதையே வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, நான் தெளித்ததல்ல. "ஸ்தோத்திரம்" என்றாள். அடுத்த வார்த்தை, "அந்த இட்லி எங்க?"

நாலு இட்லியும் கெட்டிச் சட்னியோடு ரோட்டோரத்திலேயே தீர்ந்தன. கால் மணி நேரத்தில் ஷீபா வீட்டுக் கதவைத் தட்டினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தவள், அம்மாவைக் கண்டதும் அழுதுவிட்டாள். "எப்படிம்மா வந்தே? மலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, கிரேஸ் கூசாமல் சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துது, செம்மரமெல்லாம் கீது." நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

தலகோனாவுக்குப் போகவே இல்லை. கோடையில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும் என்று முனிரத்தினமும் சொன்னதால் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் மழைக்குப் பிறகு போங்கள். திரும்பும்போது கிரேஸ் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். குரங்குக்கும் பாறைக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னதில் வீடு சேர ஆறரை ஆகிவிட்டது.

போகிறவர்களுக்கு: திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை சுமார் நாற்பது கிலோமீட்டர். கோடையில் காலையிலேயே மலையைத் தாண்டிவிடுங்கள், தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்குப் பயந்தால் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள். ஜெபமோ எலுமிச்சம்பழமோ உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு இட்லியாவது வயிற்றில் இருக்கட்டும்.

வரும் வியாழக்கிழமை கிரேஸ் பிரசவம் பார்க்கப் புறப்படுகிறாள். காருக்குச் சொல்லட்டுமா, நானும் வரட்டுமா என்று கேட்டேன். பெட்டியில் புடவையை அடுக்கியபடியே, "பஸ்ஸே போதும். நீங்க எதுக்கு? வழிதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.