முழுக்கைச் சுடிதார்

"ஏம்ப்பா, கடப்பாரை புடிச்ச கையி இது. ஊசி புடிக்குமாங்கிறேன்?"

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல, அப்பா இனிப்புப் பொட்டலத்தோடு என்னையும் அழைத்துப் போனபோது, பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டி முதலாளி இப்படித்தான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக் கேட்டார். அந்த மண்டியில் தேங்காய் உரிப்பவர்களில் அப்பாவும் ஒருவர். பள்ளி விடுமுறைகளில் நானும் அவர் பக்கத்தில் நின்று உரித்தவள்தான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "புடிக்கும்ங்க" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

தேங்காய் உரிப்பது தோளின் வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தரையில் நட்ட கடப்பாரையின் முனையில் காயைக் குத்தி, மட்டை பிளக்கும்படி திருகி நெம்ப வேண்டும். அந்தத் திருகல் முழங்கைக்குக் கீழேதான் நடக்கிறது. திருகித் திருகி என் முன்கையின் உட்புறம் முறுக்கேறித் தடித்துவிட்டது. ஒருமுறை காய் வழுக்கி, முனை கீறிய தழும்பு மணிக்கட்டிலிருந்து மேலே ஓடுகிறது.

விடுதிக்கு வந்த புதிதில் ஒருநாள் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அறைத்தோழி என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னடி இது! எங்கண்ணன் காசு கட்டி ஜிம்முக்குப் போறான், அவனுக்கே இப்படி வரல" என்றாள். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது, முழுக்கை வைத்துத் தைத்த சுடிதார்களோடுதான் வந்தேன். சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுவரை மூடிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு உடற்கூறியலில் முன்கைப் பாடம் வந்தது. முழங்கையின் உட்பக்கத்து எலும்பு முனையிலிருந்து மேலடுக்குத் தசைகள் ஒன்றாகக் கிளம்பி, கீழே விரிகின்றன. மற்றொரு கையின் உள்ளங்கையை அந்த முனைமேல் வைத்து விரல்களை மணிக்கட்டு நோக்கி விரித்தால், கட்டைவிரல் காட்டுவது கையைக் கவிழ்க்கும் ப்ரோனேட்டர் டெரிஸ். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் மணிக்கட்டை மடக்கும் மூன்று தசைகளைக் காட்டும். கதவைத் தாழிட்டுக்கொண்டு என் கையிலேயே படித்தேன். படம் எதுவும் தேவைப்படவில்லை. முஷ்டியை இறுக்கி மடக்கினால் மணிக்கட்டில் தசைநாண்கள் தனித்தனியாக எழும்பி நின்றன.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியை அதையே கேட்டார்.

"உன் கையிலேயே காட்டும்மா. ஸ்லீவை ஏத்து."

எனக்குப் பின்னால் வகுப்பில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். என் விரல்கள் துணியின் ஓரத்தைப் பிடித்தன. ஏற்றவில்லை.

"தெரியல மேடம்."

"படிக்கலையா?"

"இல்ல மேடம்."

அடுத்து வந்த அறைத்தோழி தன் மெல்லிய கையை நீட்டி, தடவித் தடவிச் சொன்னாள். வெளியே எதுவும் தெரியவில்லை. இருந்தும் தேறிவிட்டாள். நான் தேறவில்லை. மறுதேர்விலும் கோட்டைவிட்டால் ஆண்டு இறுதித் தேர்வையே எழுத முடியாது.

அப்பா போனில் கேட்டார்.

"கேள்வி கஷ்டமாம்மா?"

"ஆமாம்ப்பா."

"சரி விடு. மொதலாளி கேட்டா பாசுன்னு சொல்லிப்புடுறேன்."

அதே மண்டியில், அதே கடப்பாரைக்கு முன்னால் நின்று, எனக்காக அவர் பொய் சொல்லப்போகிறார். கேள்வி கஷ்டமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த பிறகும் காது சுட்டது. மறுதேர்வில் வேறு ஏதாவது கேட்கட்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிக்கும் முன்பே அதற்கும் கூசியது.

மறுதேர்வு நாளைக் காலை. இன்று மாலை என்னிடம் இருக்கும் சுடிதார்கள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருத் தையற்கடைக்குப் போனேன். கையை முழங்கைக்கு மேலே குறைக்கச் சொன்னேன். தையற்காரர் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல துணியா இருக்கே. உள்ள மடிச்சுத் தைச்சுத் தர்றேம்மா. பின்னால வேணும்னா பிரிச்சு எறக்கிக்கலாம்."

"வேணாண்ணே. வெட்டிடுங்க."

வெட்டிய துண்டுகள் அவர் மேசைக்கடியில் விழுந்தன. கேட்டிருந்தால் சுருட்டிக் கொடுத்திருப்பார். நான் சுடிதார்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.