தோளுக்குள் ஒரு லைனிங்

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் லீவில், எங்கள் செஞ்சிக் கோட்டையில் ஆரம்பித்தது இது. வல்லத்திலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தோடு மலை ஏறினோம். பாதிப் படியில் ஒரு குரங்கு என் புளிச்சோற்றுப் பையைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் "விட்டுடு, விட்டுடு" என்று கத்தினார்கள். விடியற்காலையில் எழுந்து கிளறிய சோறு, நான் ஏன் விட வேண்டும்? இழுத்தேன். பை அறுந்தது. குரங்குக்குச் சோறு கிடைத்தது, எனக்குக் கல்படி. வலது கையை ஊன்றி விழுந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழவே இல்லை. நான் பிளவுஸ் தைப்பவள். அளவெடுக்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். தலைகூடப் பின்ன முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் பின்னிவிடுவார். கயிறு திரித்த மாதிரி இருக்கும்.

"ஆடாம இரு. மாடுகூட இப்படி ஆடாது" என்பார்.

உள்ளூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தோள் தசைநாரில் மேலே சின்னக் கிழிசல்தான், பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். கை ஏறவில்லை. கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேலதான் லேசா கிழிஞ்சிருக்குதுன்னு சொன்னாங்க. அதுக்கு இன்னாத்துக்கு ஆபரேஷன்? வேற ஆளு கெடைக்கலியா உங்களுக்கு?"

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். டாக்டரம்மா கோபப்படவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"லைனிங் வெச்சு தைப்பீங்களா?"

"லைனிங் இல்லாம இப்ப யாரு போடறாங்க?"

"அப்ப சொல்றது சுலபம். தோள் எலும்பை மூடியிருக்கிற தசைநார் ஒரே துணி இல்லம்மா. மேல ஒரு அடுக்கு, கீழ ஒரு அடுக்கு, ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கும். உங்களுக்கு மேல் துணி ஓரத்துலதான் விட்டிருக்கு. லைனிங் தனியா பிரிஞ்சு உள்ள சுருண்டு போயிடுச்சு."

"அந்த மேல் துணியப் புடிச்சு நாலு தையல் போட்டு அனுப்புங்களேன்."

"லைனிங்கை உள்ள சுருண்டபடியே விட்டுட்டு நீங்க தைச்சுக் குடுப்பீங்களா?"

வீட்டுக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். "டாக்டரம்மா, இவ வாயை அடைச்ச மொத ஆளு நீங்கதான்!"

சின்னத் துளை போட்டு, உள்ளே ஓடிப்போயிருந்த கீழ் அடுக்கை இழுத்து எலும்போடு பிடித்துத் தைத்து, அதன்மேல் மேல் அடுக்கைச் சேர்த்துத் தைத்தார்கள். பிறகு கழுத்தில் பட்டை கட்டி, கையை அதில் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். அதற்கப்புறம் மாசக்கணக்கில் பயிற்சி. கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. "கை ரெடியாதான் இருக்குது, நீங்கதான் பயப்படறீங்க" என்றது பயிற்சி கொடுத்த பெண். எனக்கா பயம் என்று அதையும் திட்டினேன். பயம்தான்.

அடுத்த செக்கப்புக்குப் புதுச்சேரி கிளம்பி, இரண்டு பேரும் ரோட்டில் நின்றோம். பஸ் வந்தது. நிற்கிற மாதிரி வேகத்தைக் குறைத்துவிட்டு, நிற்காமல் போனது. எனக்கு எப்படி இருக்கும்? ரோட்டில் இறங்கி, "யோவ், நிறுத்துய்யா! நாங்க இன்னா மரமா?" என்று கத்தினேன்.

பஸ் தள்ளிப்போய் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். "நின்னுட்டோம்ல, கைய கீழ போடும்மா!"

அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை தலைக்கு மேலே நேராக நின்றது. வீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட மாட்டேன்யா!" என்றேன். "இப்பதான் ஏறியிருக்குது. கொஞ்சம் இருக்கட்டும்."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறி, குரங்கிலிருந்து ஆரம்பித்து எல்லோருக்கும் கதை சொன்னார். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். சீட் காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. மேல் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, பஸ் மாறும் திண்டிவனம் வரை நின்றே போனேன்.

கையைத் தூக்குவது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று முன்னாடி யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டித்தான் இருப்பேன். இப்போதோ தினமும் காலையில் தலை பின்னும்போது எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.