‘எந்தப் பிள்ளைங்க?’ என்று கேட்டவர்

நீலகிரியின் கட்டபெட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ராமாயி அக்காவின் மகன் எதிரே வந்தார். "அம்மா விடியக்கால போயிட்டாங்க" என்றார். ஏறவேண்டிய பஸ் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அக்கா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். எங்கள் எஸ்டேட்டில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அதை அவர் ‘பிள்ளைக் காம்பரா’ என்பார். என் குடும்பம் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தது.

"அங்கிருந்து ஏனுங்கக்கா வந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மைக் கட்டிப் பேசினாங்க தங்கச்சி. தாய்நாடு மடி விரிச்சுக் காத்திருக்குன்னாங்க. என் வீட்டுக்காரர் அழுதுட்டாரு. மடின்னதும் எனக்கும் மனசு கரைஞ்சிருச்சி. கப்பல் ஏறினப்புறந்தான் நெனச்சேன், எங்கம்மா மடிய அங்கயே விட்டுட்டு வந்துட்டேனேன்னு."

அந்தத் தாயை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

இலங்கையிலிருந்து வந்தவர்களால் வேலை குறைகிறது என்ற புகைச்சல் ஊரில் கிளம்பியிருந்த சமயம். கடைவீதிக் கூட்டத்தில் ஒருவர், "தாய்மார்களே! நம் பச்சிளங் குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கிறார்கள்!" என்று தழுதழுத்தார். எனக்கே நெஞ்சு கொதித்தது. அன்று காலையில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் நானும் அக்காவும் பால் ஊற்றியிருந்தோம். அது நினைவுக்கே வரவில்லை.

அக்கா மேடைக்கு முன்னால் போனார். "எந்தப் பிள்ளைங்க? பேரைச் சொல்லுங்க. பால் ஊத்துறது நாந்தான்."

பேசியவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா, நம் மண்ணில் நின்றே நம்மை அதட்டுகிறார்கள்!" என்றார். கைதட்டல் எழுந்தது. கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் அக்காவின் நெற்றியைப் பிளந்தது.

மறுநாள், அவரைப் போலவே இலங்கையிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர், கட்டுப் போட்ட அவர் முகத்தைப் படமெடுக்க வந்தார்கள். ‘தாயின் ரத்தம் பழி கேட்கிறது’ என்று சுவரொட்டி அடிப்பார்களாம்.

"நான் பழி கேக்கலயே. கல்லுப் பட்டிச்சு, அம்புட்டுத்தான். இதைப் படிச்சிட்டு எவனாச்சும் கல்லெறிஞ்சவங்க லயத்து வீட்டுக்கு நெருப்பு வச்சா, உள்ளுக்கு தூங்குறதும் என் காம்பராப் புள்ளைங்கதான்."

கோழை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவின் கணவரும் வெகுநாள் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சுவரொட்டி வரவில்லை. எந்த வீடும் எரியவில்லை.

"எறிஞ்சது யாருன்னு பாத்தீங்களாக்கா?" என்று தனியாகக் கேட்டேன்.

"பாத்தேன். அவன் புள்ளைக்கும் இப்பத்தான் பால் ஊத்தினேன்."

பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

தேயிலைச் சரிவில் கொட்டும் மழையில் அடக்கம் நடந்தது. சேற்றில் பாடை வழுக்கியபோது எல்லா லயத்து ஆட்களும் ஓடிவந்து தாங்கினார்கள். எனக்குத்தான் மனம் ஒரு நிலையில் இல்லை. கடைவீதியில் இன்னும் மைக் கட்டுகிறார்கள். மேடையில் குரல் தழுதழுத்தால் எனக்கு இன்னும் கண் கலங்குகிறது. பக்கத்தில் நின்று கேள்வி கேட்க அக்கா இல்லை.

நாங்கள் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. புது மண்ணின் மேல் பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. குளிராமல் தூங்குங்கள், அக்கா.