ஊர் நடுவில் ஒரு வீடு

ஜாஸ்மினுக்குச் சந்தேகம் வியாதி அல்ல, வேலை. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாகக் கடைசி செக்கிங் பார்க்கிறாள். பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு ஷூவையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. பாஸ்டர் ஜெபிக்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். நல்ல பெண்தான், பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் பாடு.

நாற்பது வயதில் அவள் தபால் வழியாக இறையியல் படிக்கச் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் கீழே உட்கார்ந்து பிரசங்கத்தில் குறை கண்டுபிடித்து அலுத்துப்போயிருந்தது. ஒரு தடவையாவது மேலே நின்று தானே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. வெளியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று வருஷப் படிப்பை முடித்து, சபையின் போதகர் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால், சுற்று வட்டாரக் கோயில்களில் பிரசங்கம் செய்ய அனுமதி கிடைக்கும். கடிதம் இன்பராஜ் பாஸ்டர் கையில் இருந்தது. கட்டுரைகளும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். படித்துக் கையெழுத்துப் போட்டு, சபை முத்திரை வைத்து, அவரே தபாலில் சேர்ப்பார்.

மூன்றாம் வருஷம் சந்தேகம் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து திரும்பி வந்த ஆறு கட்டுரைகளிலும் ஒரே வாசகம்: "நன்று. தொடர்க." ஒரே மை, ஒரே சாய்வு. சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸின் குலுக்கலிலும் எழுதியதை அங்கே யாராவது படிக்கிறார்களா, இல்லை எடை பார்த்து மார்க் போடுகிறார்களா?

கம்பெனியில் சூப்பர்வைசர் ரஃபத் ஜஹானிடம் ஒரு வித்தை உண்டு. தெரிந்தே ஒரு கெட்ட ஷூவை நல்லவற்றுக்கு நடுவில் செருகி அனுப்புவாள். செக்கர் பிடிக்காமல் விட்டால் தொலைந்தாள். "கண்ணு முழிச்சினு இருக்குதான்னு பாக்கறேன்மா, கோச்சிக்காத" என்று சிரிப்பாள். ஜாஸ்மினும் அதையே செய்தாள். ஏழாவது கட்டுரை, அப்போஸ்தலர் ஒருவர் தோல் பதனிடுகிறவன் வீட்டில் தங்கியதைப் பற்றியது. அந்த வீடு கடலோரத்தில் இருந்ததாக வேதம் சொல்கிறது. அவள், "அவனுடைய வீடு ஊரின் நடுவில், பெரிய மனிதர்கள் தெருவில் இருந்தது" என்று எழுதிவைத்தாள். படிப்பவன் கண்ணில் குத்தாமல் போகாது.

பாஸ்டரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டோமா, அனுப்பினோமா என்று இருப்பவர்தானே என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு அவர் பிரசங்கத்தைத் தொடங்கிய இரண்டாவது நிமிஷத்தில் ஜாஸ்மினுக்கு முதுகு நிமிர்ந்தது. வாக்கியம் தெரிந்த வாக்கியமாக இருந்தது. அடுத்ததும்தான். வேதப் புத்தகத்துக்குள் செருகியிருந்த காகிதத்தின் ஓரத்தில், தான் பஸ்ஸில் சிந்திய டீக்கறையைப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா, தபாலில்கூடப் போடவில்லையே! இவள் கல்லூரிக்கு வைத்த கண்ணியில் ஆள் மாறி விழுந்திருந்தார். அந்த வரி வருவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது.

"ஊர் நடுவுல, பெரிய மனுஷங்க தெருவுல வூடு!" என்றார் பாஸ்டர், கையை உயர்த்தி. சபை ஆமென் சொன்னது. பாதிப்பேர் தோலில் பிழைக்கிறவர்கள், ஒருவருக்குக்கூடத் தப்பு உறைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கையும் களவுமாகப் பிடிக்க வாசலுக்கு விரைந்தாள். பாஸ்டர் அவளைப் பார்த்ததும் பையிலிருந்து கடிதத்தையும் பேனாவையும் எடுத்தார். "உன் கடிதம் ரெடிம்மா. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி" என்றார். குரலில் வழக்கத்தைவிடத் தேன் ஜாஸ்தி. வாயை அடைக்கத்தான் இது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கை அந்தக் காகிதத்துக்காக நீண்டது, அதுதான் அவமானம்.

அதற்குள் துரைசாமி வந்தார். முப்பது வருஷம் டேனரியில் தோல் அலசியவர். கண் சிவந்திருந்தது.

"பாஸ்டர், டவுன் பஸ்ல நான் ஏறினா மூக்க மூடிக்கினு எழுந்து போவாங்க. நம்மள மாதிரி ஆளையும் ஊர் நடுவுல வெச்ச ஜனங்க இருந்தாங்களா? எந்த இடத்துல வருது, குறிச்சிக் குடுங்க. பேரப்புள்ளைங்கள படிக்கச் சொல்லிக் கேக்கணும்."

பாஸ்டர் திணறினார். "அது... ஜாஸ்மின், நீ சொல்லும்மா."

திறந்த பேனா அவர் கையில் இருந்தது. சும்மா தலையாட்டினால் போதும். ஆனால் குறையுள்ள ஷூ பெட்டிக்குள் போய்விட்டால், அதை விட்ட செக்கர்தான் பொறுப்பு. இதைச் செருகியவளும் அவள், விட்டவளும் அவள்.

"மாமா, அது தப்பு. வேதத்துல அப்பிடி இல்ல. நான்தான் தெரிஞ்சே பொய்யா எழுதினேன். பாஸ்டர் என் கட்டுரையப் பாத்து சொல்லிட்டாரு."

பாஸ்டர் பேனாவை மூடினார். கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் ஆராதனைக்கு நேரமாகிறது என்று வண்டியைப் பார்த்து நடந்தார். மூன்று வருஷம் நடந்து போவதை ஜாஸ்மின் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையாக வந்தது.

"அப்போ வூடு எங்க இருந்துது?" என்றார் துரைசாமி.

"கடலோரத்துல மாமா. நாத்தத் தொழில்னு அந்தக் காலத்துல ஊருக்கு வெளியதான் வெப்பாங்களாம்."

"நம்மள மாதிரியேதானா?" சற்று யோசித்தார். "அங்கியா போயித் தங்கினாரு அப்போஸ்தலரு? எத்தினி நாளு?"

"ரொம்ப நாளு."

"அந்த நாத்தத்துலயேவா!" கிழவர் முகம் மாறியது. "இது அத்தவிட நல்லாக்கீதேம்மா. இத்தப் போயி ஏன் மாத்துன?"

"யாராச்சும் படிக்கிறாங்களா, இல்லியான்னு பாக்கத்தான் மாமா."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்க இன்னா சொல்றீங்களோ அதத்தான் நம்பறேன்."

யார் யாரையோ சந்தேகப்பட்ட ஜாஸ்மினுக்கு, இப்படி நம்பிக் கேட்கிற ஒருவர் இருப்பது அதுவரை நினைவுக்கு வரவே இல்லை. கோயில் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேதத்தைத் திறந்து, அந்தப் பகுதியை முதலிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் அவருக்கு வாசித்தாள்.