ஆட்டத்துக்கு நடுவே அவள் முணுமுணுப்பது

என் மகள் ஏழு வயதிலிருந்து பேட்மிண்டன் ஆடுகிறாள். இப்போது அவளுக்குப் பதினான்கு. நாங்கள் இருப்பது மராத்தி பேசும் ஊர்; பாணேர் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சிக் கூடம். ஹடப்சர் ஆபீசிலிருந்து நான் வந்து சேரும்போது பாதிப் பயிற்சி முடிந்திருக்கும். மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் அவள் உதடு அசையும். ஷட்டிலை எடுக்கக் குனியும்போது, சர்வ் போடுவதற்கு முன்னால், தனக்குள் ஏதோ சொல்லிக்கொள்வாள். அடுத்த அடியை எங்கே அடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள் என்றே நினைத்திருந்தேன். கணவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அவருக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, போட்டிகளுக்கு வர முடிவதில்லை. மகளின் ஆட்டம் அவருக்கு என் வாய்வழியாகத்தான் போய்ச் சேரும்.

போன மழைக்காலத்தில் ஒரு போட்டி. எதிரில் ஆடியவள் இவளைவிடச் சின்னப் பெண். முதல் கேமை என் மகள் சுலபமாக எடுத்துவிட்டாள். இரண்டாவதிலும் முன்னால்தான் இருந்தாள். அப்போது கைக்கு வந்த ஒரு ஷட்டிலை நெட்டில் அடித்தாள். அடுத்ததைக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். அன்று கூட்டம் இல்லை. அவள் முணுமுணுத்தது நான் உட்கார்ந்திருந்த வரிசை வரைக்கும் கேட்டது.

"துலா காஹீச் ஜமத் நாஹி."

எனக்குத் தெரிந்த மராத்தி காய்கறி வாங்கத்தான் போதும். பக்கத்தில், இவளோடு பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணின் அம்மா இருந்தார். மராத்திக்காரர். என்ன சொல்கிறாள் என்று அவரிடம் இந்தியில் கேட்டேன். அவர் தயங்கினார். பிள்ளைகள் ஏதாவது சொல்லிக்கொள்ளும், விடுங்கள் என்றார். நான் விடவில்லை. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். உனக்கு ஒன்றுமே வராது என்று தன்னையே சொல்லிக்கொள்கிறாளாம்.

அதற்குப் பிறகு ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தோற்றுவிட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாராவது உன்ன அப்படிச் சொன்னாங்களா, கண்ணு?"

"யாரும் சொல்லல. நானேதான் சொல்றேன்."

பள்ளியிலா, கோச்சா, கூட ஆடுகிறவர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். இல்லை, இல்லை என்றாள். யாராவது ஒருவர் சிக்கியிருந்தால் நாளைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். அப்படி யாரும் இல்லை. கணவரும் போனில் அவளிடம் பேசிப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "எல்லாத்துக்கும் சரிப்பான்னு சொல்றா. அதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்றார்.

கோச் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் முடியும் என்று சொல்லிப் பழகட்டும், மனசு தானாகத் திரும்பும் என்றார். நானும் நம்பினேன். காலையில் தலை பின்னும்போது அவளைச் சொல்லச் சொன்னேன். மறுக்காமல் சொன்னாள்.

அடுத்த போட்டியில் முதல் பாயிண்ட் போனதும், "என்னால முடியும்" என்றாள், மராத்தி வாடை அடிக்கும் தமிழில், எனக்குக் கேட்கும்படி. சொல்லிவிட்டுக் கேலரியில் என்னைத் தேடினாள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி சொன்னாள், என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவு சீக்கிரம் அவள் அதற்கு முன் தோற்றதே இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னாலிருந்து பேசினாள். "அம்மா, தமிழ்ல சொன்னா உனக்குச் சொல்ற மாதிரி இருக்கு. எனக்குச் சொல்ற மாதிரி இல்ல."

"அப்ப மராத்திலயே நல்லதாச் சொல்லிக்கோ."

"மராத்தில அது வர மாட்டேங்குது," என்றாள்.

நானும் எனக்குள் பேசிக்கொள்கிறவள்தான். ஆபீசில் பெரிய மீட்டிங்குக்குள் நுழையும் முன்னால், 'ஒண்ணும் ஆகாது, போ' என்பேன். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகத் தனியாக இந்த ஊருக்கு ரயிலேறிய அன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். யார் எனக்கு அதைச் சொல்லித் தந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அது எனக்குள் வந்த வழி தெரிந்திருந்தால் அவளுக்கும் அதைக் காட்டியிருப்பேன்.

இந்த வருஷம் அவள் ஒற்றையர் ஆட்டத்தை விட்டுவிட்டு டபுள்ஸ் மட்டும் ஆடுகிறாள். அவளாகவே கோச்சிடம் போய்ச் சொன்னது. நான் போனில் கொஞ்சம் மராத்தி படித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தயம். கூட ஆடுகிற பெண் முக்கியமான நேரத்தில் சர்வைத் தவறவிட்டாள். என் மகள் அவள் முதுகில் தட்டி, போகட்டும், அடுத்ததைப் பார்ப்போம் என்றாள். மராத்தியில்தான் சொன்னாள். அவ்வளவு இதமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

இரண்டு பாயிண்ட் கழித்து என் மகள் ஒன்றைத் தவறவிட்டாள். துடைத்துக்கொள்கிற சாக்கில் டவலை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். உள்ளே என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுந்து போய் நிறுத்த முடியாது. ஆட்டம் முடியும்வரை கோர்ட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள்.