இரண்டாம் மைக்கில் கேட்ட அழுகை

ஜானவிக்குக் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் வாடகை வீடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை போக, சனி ஞாயிறுகளில் குழந்தைக் கதைகளைத் தமிழில் வாசித்துப் பதிந்து ஒரு செயலிக்கு அனுப்புவாள். பழைய மைக் கரகரக்கத் தொடங்கியதும், விலை குறைந்ததாக, ஆனால் நல்லதாக ஒன்று வாங்க நினைத்து, தெரிந்தவர்களிடம் மூன்று மைக்குகளை இரவல் வாங்கினாள்.

படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, மெத்தையைச் சுவரோடு நிறுத்தி, ஒரே பத்தியை மூன்றிலும் வாசித்தாள். முதலாவதில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. மூன்றாவதில் ஒவ்வொரு 'ச'வும் சீறியது. இரண்டாவது அவளுக்கே பிடித்தது. ஆனாலும் பிறர் காதுக்கு எப்படி என்று தெரிய வேண்டுமே. எண் மட்டும் போட்டு, வீட்டிலேயே பதிவு செய்கிறவர்களின் வாட்ஸப் குழுவுக்கு மூன்றையும் அனுப்பினாள்.

எல்லோரும் இரண்டாவதையே சொன்னார்கள். அபிஜித் என்பவர் மட்டும், "குரல் அடிபொளி, பிரமாதம். ஆனா பின்னால யாரோ அழறாங்களே?" என்று எழுதியிருந்தார்.

ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். அவள் மூச்சுவிட நிறுத்திய இடங்களில், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பாகீரதி மாமி. திருநெல்வேலியில் இருக்கும் அக்காவிடம் அழுதுகொண்டே போனில் பேசுகிறாள்.

"மார்ல கட்டி... டெஸ்டுக்கு அனுப்பியிருக்கா. இவருக்குத் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அழிக்கப் போனவள், அதற்கு முன் இன்னொரு தடவை கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குழுவிலிருந்து நீக்கும்போது முப்பது பேர் கேட்டாகிவிட்டது. அதில் அதே தெரு வெங்கிடேஷும் ஒருவன்.

நாலாம் நாள் வெங்கிடேஷின் மனைவி கோயில் வாசலில் மாமியிடம், "ரிசல்ட் வந்துதா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் மாமி போனில் அக்காவிடம் கத்துவது, மைக் எதுவும் இல்லாமலே சுவர் வழியாகக் கேட்டது.

"உன்னை நம்பித்தானே சொன்னேன்! இனிமே எனக்குப் போன் பண்ணாதே!"

ஜானவி அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படியே மூன்று வாரம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி பாயசத்தோடு வந்தாள். "வெறும் கொழுப்புக் கட்டிதானாம். விஷயம் இவர் காதுக்கும் போயிடுத்து, இவர்தான் கூட வந்தார். ஆனா எங்கக்கா இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலை."

கிண்ணத்தை வாங்க ஜானவிக்குக் கை நீளவில்லை. "மாமி, அக்கா சொல்லலை. நீங்க பேசினது என் மைக்ல விழுந்துடுத்து. நான் கவனிக்காம குரூப்ல போட்டுட்டேன்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"அப்போ நான் அவளைத் திட்டினது?"

"கேட்டுது மாமி."

மாமி கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். போனை எடுத்து எண்ணை அழுத்தி நீட்டினாள். "நீயே சொல்லு."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அக்கா. "பாகீ! ரிசல்ட் என்னடி ஆச்சு? யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாம இருக்கேன்..."

ஜானவி, தான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே மாமி போனைப் பிடுங்கிக்கொண்டு, அழுதபடியே தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரவல் மைக்குகள் மறுநாளே திரும்பிப் போயின. மாமி இப்போதும் பேசுகிறாள், பால் வந்ததா, மழை வருமா என்று. போன் வந்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறாள்.